பொத்தானை முதலில் நீங்கள் தட்டுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 4 மாதம். ‘ம்மா’, ‘தா’ இரண்டு சொற்கள்தான் வருகின்றன. காதுப் பரிசோதனை செய்தாயிற்று, குறை இல்லை. படத்தைத் தொட்டால் குரல் வரும் டேப்லெட் செயலியைப் பழக்கும்படி தெரபிஸ்ட் சொன்னார். மூன்று வாரமாகிறது. ‘பிஸ்கட்’ படத்தையே திரும்பத் திரும்பத் தட்டிச் சிரிக்கிறானே தவிர, வேறொன்றும் நடக்கவில்லை. “மிஷினே பேசிட்டா பிள்ளை எதுக்கு வாயைத் திறப்பான்?” என்கிறார் மாமியார். எனக்கும் உள்ளூர அந்தப் பயம்தான். நிறுத்திவிடலாமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: நிறுத்தாதீர்கள்.

உங்கள் மாமியார் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. பேச்சுப் பயிற்சித் துறையில் இருந்தவர்களே ஒரு காலத்தில், “முதலில் பேச்சுக்குப் பயிற்சி கொடுப்போம், வராவிட்டால் கருவியைப் பார்க்கலாம்” என்று வருடக்கணக்கில் காத்திருக்க வைத்தார்கள். அமெரிக்காவில் ராம்ஸ்கி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. பத்துச் சொல்கூடப் பேசாத சின்னக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்குக் குரல் தரும் கருவியோடு பயிற்சி, ஒரு குழுவுக்கு வாய்ப்பேச்சுப் பயிற்சி மட்டும். முடித்தவர்கள் 62 பேர். கருவி வைத்திருந்த குழந்தைகள்தான் பயிற்சியில் எடுத்துக்கொண்ட சொற்களை அதிகம் பயன்படுத்தினார்கள். அதில் வாயால் சொன்னதும் சேர்த்தி. வாய்ப்பேச்சுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு வந்த சொற்கள் மிகச் சொற்பம்.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. டேப்லெட்டைத் தேடி எடுத்து, படத்தைக் கண்டுபிடித்துத் தட்டுவதைவிட வாயால் சொல்வது சுலபம். வாய்ப்பேச்சு வந்துவிட்டால் எந்தக் குழந்தையும் சுலபமான வழியில்தான் போகும். உங்கள் பிள்ளை கட்டாயம் பேசிவிடுவான் என்று நான் வாக்குத் தர முடியாது. கருவியால் பேச்சு கெடாது என்பதைத் தைரியமாகச் சொல்வேன்.

சரி, பிஸ்கட் விஷயத்துக்கு வருவோம். ஆறேழு மாதக் குழந்தை ‘தத்தத்தா’ என்று நாள் முழுக்கச் சொல்லும்போது யாரும் கவலைப்படுவதில்லை. இவன் விரலால் அதைச் செய்கிறான். அந்தப் பொத்தானை மறைக்காதீர்கள். முதல் சில தடவை சின்னத் துண்டு கொடுங்கள். அப்புறம் காலி டப்பாவைக் காட்டி, ‘தீர்ந்துபோச்சு’ படத்தை நீங்கள் தட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் அவன் தட்டுவது இருக்கிறது, நீங்கள் தட்டியதாக ஒரு வரிகூட இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான். சாதாரணமாக ஒரு குழந்தை ‘அம்மா’ என்று சொல்வதற்கு முன் ஒரு வருடம் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. படத்தைத் தொட்டுப் பேசுவதை இவன் யாரிடம் பார்த்தான்?

வீட்டில் ஊஞ்சல் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஒரு புடவையில் தூளி போதும். உட்காரவைத்து ஆட்டுங்கள். ஆட்டும்போது ‘ஆட்டு’ படத்தைத் தட்டி, வாயாலும் சொல்லுங்கள். சட்டென்று நிறுத்துங்கள். ‘இன்னும்’ படத்தைத் தட்டி, “இன்னும் வேணுமா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணிக்கைதான் அம்மாக்களுக்குக் கஷ்டம்! அவன் தட்டலாம், காலை உதைக்கலாம், உங்கள் முகத்தைப் பார்க்கலாம். எதைச் செய்தாலும் பதில்தான், ஆட்டிவிடுங்கள். கையைப் பிடித்துத் தட்டவைக்காதீர்கள். “ஆப்பிள் எங்கே, காட்டு” என்று பரீட்சையும் வேண்டாம். அவன் தட்டினாலும் தட்டாவிட்டாலும் நீங்கள் மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருங்கள், வாரக்கணக்கில்.

திரையில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்றும் பாருங்கள். பழமும் மிருகமுமாக இருந்தால் அதை வைத்து அவன் என்ன பேச முடியும்? வா, போ, திற, இன்னும், போதும் எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். முக்கியமாக ‘வேண்டாம்’. அதைச் சொல்ல வழியில்லாத பிள்ளை கடிக்கும், தட்டை வீசும். அவன் ‘வேண்டாம்’ தட்டினால், முடிந்த இடத்திலெல்லாம் மதியுங்கள்.

படங்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். இருட்டில் நம் வீட்டு ஸ்விட்சைக் கை தானாகக் கண்டுபிடிக்கிறதே, அதுபோல் அவன் விரலுக்கும் இடம் பழக வேண்டும். அந்த டேப்லெட்டில் யூடியூப் வேண்டவே வேண்டாம். பாட்டு ஓடும் பெட்டியை எந்தக் குழந்தையும் பேசும் பெட்டியாக நினைக்காது. குளிக்கும் இடத்துக்கும், சார்ஜ் தீர்ந்த நேரத்துக்கும் அதே பக்கத்தை அச்செடுத்து லேமினேட் செய்து வையுங்கள். தெரபி நேரத்தில் உங்களை வெளியே உட்காரவைத்தால், உள்ளே வரலாமா என்று கேளுங்கள். கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி உங்களுக்கானது. செலவு இடித்தால், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் அரசின் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் (DEIC) விசாரியுங்கள், அங்கே சிகிச்சை இலவசம்.

கடைசியாக, மாமியார். செயலியின் குரல் “வேண்டும்” என்று செய்தி வாசிக்கிறதா? பல செயலிகளில் நம் குரலையே பதிவு செய்யலாம், ‘வேணும்’ என்று வீட்டுத் தமிழிலேயே. ‘வா’ என்ற சொல்லை மட்டும் மாமியாரின் குரலில் பதியுங்கள். பேரன் அதைத் தட்டினால் அவர் அடுப்படியில் போட்டது போட்டபடி வந்து நிற்க வேண்டும் என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.