பதில்: WHERE நிபந்தனையில் ஃபங்ஷன் 8 லட்சம் முறை ஓடுகிறது

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில், கிளை_எண் = என்_கிளை() என்ற நிபந்தனைக்காக ஆர்டர் டேபிளின் 8 லட்சம் வரிசைக்கும் என்_கிளை() ஃபங்ஷன் தனித்தனியாக ஓடுகிறது, அதை ஸ்டேபிள் (STABLE) வகை என்று மாற்றியும் பயனில்லை என்கிறீர்கள். ஸ்டேபிள் என்றால் விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். உண்மையில் அது பிளானருக்கு (குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி) நீங்கள் தரும் வாக்குறுதி மட்டுமே: இந்த குவெரி முடியும்வரை விடை மாறாது. கிளை_எண் நெடுவரிசைக்கு (column) இண்டெக்ஸ், அதாவது விரைவாகத் தேட உதவும் அட்டவணை, இருந்து, பிளானர் அதை எடுத்துக்கொண்டால், தேடும் மதிப்பை ஒரு தடவை கணக்கிட்டால் போதும். முழு டேபிளையும் படித்தால் பழைய கதைதான், வரிசைக்கு ஒரு அழைப்பு.

உங்கள் ஃபங்ஷனுக்கு எந்த நெடுவரிசையின் மதிப்பும் உள்ளே போகவில்லை. எனவே கிளை_எண் = (செலக்ட் என்_கிளை()) என்று அடைப்புக்குறிக்குள் துணைக் குவெரியாக எழுதிப் பாருங்கள். அது இனிட்பிளானாக (InitPlan, தனியாக ஒருமுறை கணக்கிடப்படும் பகுதி) மாறி ஒரே முறை ஓடும். குவெரி ஓடிய விதத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸில் (EXPLAIN ANALYZE) அந்த இடத்தில் லூப்ஸ் 1, அதாவது ஒருமுறை ஓடியது, என்று தெரிய வேண்டும். ஸ்டேபிளை அப்படியே விட்டுவிடுங்கள்.

இம்யூட்டபிள் (IMMUTABLE, விடை என்றுமே மாறாது என்ற வாக்குறுதி) என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஃபங்ஷன் டேபிளைப் படிக்கிறது. பிளான் போடும்போதே மதிப்பு உறைந்துபோய், பிரிப்பேர் செய்த (முன்கூட்டியே தயாரித்து மீண்டும் மீண்டும் ஓட்டும்) குவெரியில் பழைய கிளையே வந்துகொண்டிருக்கும்.

அப்புறம், பின்னால் நெடுவரிசையின் மதிப்பை உள்ளே அனுப்பும் ஃபங்ஷன் வந்தால் இந்த வித்தை பலிக்காது. அப்போது டிஸ்டிங்க்ட் (ஒன்றுக்கொன்று வேறான) மதிப்புகளுக்கு மட்டும் கணக்கிட்டு, அந்த விடைகளை டேபிளோடு ஜாயின் செய்யுங்கள்.