மச்சான் வேண்டாம் என்கிறார்: நேர்முகப் பரீட்சைக்குப் போகலாமா?

போங்கள். ‘அந்த ஆடைத் தொழிற்சாலையில் சம்பளத்தை இழுத்தடிப்பார்கள்’ என்று மச்சான் சொன்ன ஒரு வார்த்தைக்காக, வந்த கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

நெருங்கியவர் சொல்லும் குறை, விளம்பரத்தின் பத்து நல்ல வார்த்தைகளைவிட ஆழமாக இறங்கும். அதுதான் உங்களை உலுக்கியிருக்கிறது. அவர் அங்கே வேலை செய்தாரா, கேள்விப்பட்டாரா? எந்த ஆண்டில்?

மாலையில் களுவாஞ்சிக்குடிச் சந்தியில் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகளில் தெரிந்த ஒருவரிடம் சம்பளச் சீட்டைப் பார்க்கக் கேளுங்கள். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் 8 வீதம் கழித்திருக்க வேண்டும். நிறுவனம் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். சீட்டே கொடுப்பதில்லை என்றால் மச்சான் பேச்சை நம்புங்கள்.

சீட்டில் எழுதியிருப்பதாலேயே பணம் சேமலாப நிதிக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சந்தேகமிருந்தால் மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.