ஆயிரத்து இருநூறா, நாலாயிரத்து எண்ணூறா?

கேள்வி: அண்ணா, நாங்கள் கைத்தறிப் போர்வை, பெட்ஷீட் விற்கிறோம். ஆன்லைனில் ஆர்டர் வாங்க வெப்சைட் போடுகிறோம். சைட்டை இன்டர்நெட்டில் வைத்து ஓட்டித் தரும் ஹோஸ்டிங்குக்கு ஒரு கம்பெனி ஆண்டுக்கு 1,200 ரூபாய் கேட்கிறது, இன்னொன்று 4,800. விலை கூடியதில் போனிலேயே உதவி கிடைக்குமாம். வீட்டுக்காரர் மலிவானதே போதும் என்கிறார். எதை வாங்க?
– வாசகி, சென்னிமலை

பதில்: அம்மணி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நானும் ஒருகாலத்தில் சொன்னவன்தான். ஈரோட்டில் எனக்குத் துண்டு, லுங்கி வியாபாரம். மலிவாகக் கிடைத்த ஹோஸ்டிங்கை வாங்கிப் போட்டேன். பத்து மாதம் ஒரு குறையும் இல்லை. தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கையில், திங்கட்கிழமை ராத்திரி ஜவுளிச் சந்தையில் நிற்கிறேன், சேலத்து வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்கிறார்: "ஏனுங்க, உங்க சைட்டு தொறக்கவே மாட்டேங்குதுங்க?"

கம்பெனிக்குப் போன் நம்பரே கிடையாது. அவர்கள் சைட்டிலேயே டிக்கெட் (புகார்) போட்டேன். கிடைத்தது என்று உடனே ஒரு மெயில் வந்தது, மெஷின் அனுப்பியது. மனுஷன் எழுதிய பதில் வந்தது வியாழக்கிழமை காலையில். ஏதோ ஒரு பிளக்இன் (சைட்டில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன புரோகிராம்) மெமரியை அதிகம் தின்றதாம், அதனால் நிறுத்திவைத்தார்களாம். பிளக்இன்னை எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. அதைச் சொல்ல அவர்களுக்கு மூன்று நாள்!

நீங்கள் சொல்லும் இரண்டுக்கும் வித்தியாசம் 3,600, மாதத்துக்கு 300 ரூபாய். பண்டிகை வாரத்தில் ஒரு நாள் கடை அடைத்தால் எவ்வளவு லாபம் போகும் என்று வீட்டுக்காரரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். வெறும் முகவரியும் நாலு போட்டோவும் காட்டுகிற சைட் என்றால் நானும் 1,200 பக்கம்தான் நிற்பேன்.

அதற்காக, விலை கூடினாலே உதவி நன்றாக இருக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம். விற்கிறவர்கள் முதல் ரிங்கிலேயே எடுப்பார்கள். கோளாறு பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். பணத்தைத் திருப்பித் தருகிற கெடு பல கம்பெனிகளில் 30 நாள் இருக்கும் (டொமைனுக்கு, அதாவது சைட்டின் பெயருக்கு, கட்டியது பெரும்பாலும் திரும்பாது). அந்தக் கெடுவுக்குள் ஒரு ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்டுப் பாருங்கள்: "நேற்றைய பேக்கப்பை (சைட்டின் நகலை) நானே மீட்க முடியுமா, அதற்குத் தனிக் கட்டணமா?" நேராகப் பதில் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டது ஒன்று, ஒட்டி அனுப்பியது வேறொன்று என்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

அப்புறம், அந்த 1,200 முதல் ஆண்டு விலையா என்று பாருங்கள். புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பது இந்தத் தொழிலில் சகஜம். ஜிஎஸ்டி 18 சதவீதம் அதற்கு மேல். "99.9 சதவீதம் ஓடும்" என்ற விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம். மீதி 0.1 என்பது ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம். அது தீபாவளி முதல் நாளில் வராது என்று யாரும் எழுதித் தருவதில்லை.

எந்தக் கம்பெனி ஆனாலும் வாரம் ஒரு பேக்கப்பை உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். எனக்குச் சைட் செய்து தந்த தம்பி தன் பெயரிலேயே பதிந்துவிட்டுச் சிங்கப்பூர் போய்விட்டான். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க அவன் லீவில் வரும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.