கரையான் மருந்து அடிக்கும் தொழிலுக்குக் கடன் கிடைக்குமா?

கேள்வி: பூச்சிக் கட்டுப்பாடு கம்பெனி ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கிறேன். தனியாகத் தொடங்க 4 லட்சம் தேவை. அடமானம் வைக்கச் சொத்து இல்லை. என்ன வழி? – வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் லைசென்ஸ். பூச்சிமருந்தைத் தொழிலாக அடிக்க வேளாண்மைத் துறை உரிமம் வேண்டும், அதற்கு வேளாண்மையிலோ வேதியியலைப் பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டமும் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள். உங்களிடம் பட்டம் இல்லையென்றால், இருக்கிற ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்க்க முடியுமா என்று அந்த அலுவலகத்திலேயே கேளுங்கள்.

அப்புறம் பணம். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 முதல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’ பிரிவு, அடமானம் தேவையில்லை. ஆனால் வங்கி மேனேஜர் சிபில் ஸ்கோரை, அதாவது பழைய கடன்களை நீங்கள் ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்ணைப் பார்ப்பார். ஸ்பிரேயர், சுவரடியில் துளை போடும் டிரில் மெஷின், மருந்து, முகக்கவசம் என்று கொட்டேஷன் வாங்கிப் போனால் பேச்சு சுலபமாகும். மானியம் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) பற்றி விசாரியுங்கள், பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25, பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. புதுத் தொழிலுக்கு மட்டும்தான், அதனால் கடையைத் திறந்துவிட்டுப் போய் நிற்காதீர்கள். மானியமும் கைக்கு வராது, 3 வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாக இருந்து பிறகுதான் கடனில் கழியும்.

மருந்து வாங்கும் அவசரத்துக்கு வங்கி நகைக்கடன் போதும், மீட்டர் வட்டிப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். ஹோட்டல், அபார்ட்மென்ட் என்று வருட ஒப்பந்தம் பிடித்தால் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேளுங்கள், சிலராவது கொடுப்பார்கள்.