கொடி நாள் நிதி பட்டாளத்துக் குடும்பங்களுக்குப் போய்ச் சேருகிறதா?

கேள்வி: "ஓர் அலுவலகத்தில் வேலையாகப் போனபோது கொடி நாள் நிதி என்று 500 ரூபாய் வாங்கினார்கள். அந்தப் பணம் உண்மையில் எங்கே போகிறது? ராணுவம், காவல், தீயணைப்பு வேலையில் இருந்தவர்களின் குடும்பங்களுக்கு உதவ நினைத்தால் யாரிடம் கொடுப்பது?"

போய்ச் சேருகிறது. ஒரு வீட்டுக்குச் சேர்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஆனால் அது சேர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் நிதியில் பணம் இருந்தது. அங்கே இல்லாதது வேறு. அதைச் சொன்னால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

வேலூர் மாவட்டத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். கணியம்பாடி அருகே கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு: முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று. மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவேன்.

நவம்பர் மாதம் வந்தால் என் கடையில் கூட்டம் முழுக்க பென்ஷன் வாங்குகிற ஆயாக்கள்தான். உயிர்வாழ் சான்று கொடுக்க வருவார்கள். நான்கு வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு ஆயாவுக்குத் துணையாக இன்னொரு ஆயா வந்திருந்தார். முன்னவர் விரலை வைத்தால் மெஷின் எடுக்கவில்லை. முப்பது நாற்பது வருடம் பீடி சுற்றிய விரல், ரேகையே தேய்ந்து போயிருந்தது. ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, மறுபடி மறுபடி வைத்துக்கொண்டிருந்தோம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த துணைக்கு வந்த ஆயா, "எங்க வூட்டுக்காரரும் மிலிட்டிரிதான் கண்ணு, எனக்குத்தான் ஒண்ணும் வரல" என்றார்.

விசாரித்தேன். அவர் வீட்டுக்காரர் ஒன்பது வருடம் பட்டாளத்தில் இருந்திருக்கிறார். 1971 போரின்போதும் சர்வீஸில் இருந்தவர். அப்புறம் தகப்பனார் இறந்துவிட, நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஜவானுக்குப் பொதுவாக 15 வருட சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன். அவருக்கு இல்லை. அவர் இறந்த பிறகு ஆயாவுக்கும் குடும்ப பென்ஷன் இல்லை. ஊரில் எல்லோரும் "மிலிட்டிரிக்காரர் வீடு, அவங்களுக்கு என்ன" என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஓர் உதவி இருக்கிறது. பென்ஷன் இல்லாத, ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்த, 65 வயது தாண்டிய முன்னாள் படைவீரருக்கும், அவர் இல்லையென்றால் அவர் மனைவிக்கும் வறுமை உதவித்தொகை, அப்போது மாதம் 4,000 ரூபாய். நான் இதை அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். ஆயாவுக்கு அப்போது 68 வயது. மூன்று வருடமாக வாங்கியிருக்க வேண்டிய பணம்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் கறுப்பு ட்ரங்க் பெட்டி. மூடியில் வெள்ளை பெயின்ட்டில் அவர் வீட்டுக்காரரின் நம்பரும் பெயரும் இன்னும் படிக்கிற மாதிரி இருந்தன. உள்ளே ஒரு கம்பளி, இரண்டு மெடல், மஞ்சள் பையில் சுற்றிய டிஸ்சார்ஜ் புக். அந்தப் புத்தகம் இருந்ததே பெரிய அதிர்ஷ்டம். அது தொலைந்த வீடுகளில் வேலையை எங்கே தொடங்குவது என்றே தெரியாது. ஆனால் புத்தகத்தில் மனைவி பெயர் 'அம்மா' என்று முடிந்தது, ஆதாரில் 'அம்மாள்' என்று முடிந்தது. பிறந்த வருடம் ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. இதற்கெல்லாம் மேலே, பட்டாளத்தை விட்டு வந்தபோது அவர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவே செய்யவில்லை. பதிவு இல்லையென்றால் விதவை அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லையென்றால் விண்ணப்பமே போடமுடியாது.

அப்புறம் நடந்ததெல்லாம் நடைதான். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று வி.ஏ.ஓ.விடம் ஒரு கடிதம், நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம். ஆயாவுக்கு ஒவ்வொரு முறை டவுனுக்கு வருவதும் ஒரு நாள் கூலி போவதும் ஒன்றுதான், பஸ் காசு வேறு. பட்டாளத்து ஆவணங்களை வைத்திருக்கிற, குன்னூர் வெலிங்டனில் உள்ள ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஊரில் ஓய்வு பெற்ற சுபேதார் ஐயா ஒருவர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து, போனிலும் இந்தியில் பேசிக் கேட்டுக் கொடுத்தார். அவர் இல்லையென்றால் என்னால் முடிந்திருக்காது. ஓர் அலுவலகத்தில் எங்களை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை ஆயா வெளியே படியில் உட்கார்ந்து, "விடு கண்ணு, அவரே கேக்கல, நான் எதுக்குக் கேக்கணும்" என்றார். எனக்கு இன்றைக்கும் அந்தப் படி கண்ணில் நிற்கிறது. ஏழாம் மாதம் வங்கியில் பணம் ஏறியது. பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வாங்கியவர், படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே வீடு வரை வந்தார்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்றால், நீங்கள் கொடுத்த மாதிரியான 500 ரூபாய்களில் இருந்துதான். டிசம்பர் 7-ஐக் கொடி நாளாக 1949-ல் முடிவு செய்தார்கள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைக்கும் மூன்று நிறத்தில் கொடி. எங்கள் பள்ளியில் சட்டையில் குண்டூசியால் குத்திவிடுவார்கள், மாலை வரை கழற்ற மாட்டோம். இந்த நிதியைக் கவனிப்பது டெல்லியில் கேந்திரிய சைனிக் போர்டு, மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். வறுமை உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, மகளின் திருமண உதவி எல்லாம் கொடி நாள் நிதியின் ஒரு பகுதியில் இருந்து போகின்றன. 2025 அக்டோபரில் இவற்றை இரண்டு மடங்காக்கினார்கள். நவம்பர் 1 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு வறுமை உதவி மாதம் 8,000, பிள்ளை ஒன்றுக்குப் படிப்புக்கு மாதம் 2,000 (இரண்டு பிள்ளைகள் வரை), திருமணத்துக்கு ஒரு லட்சம். யாராவது உங்களிடம் பழைய தொகையைச் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

உங்களிடம் ரசீது இல்லாமல் வாங்கியிருந்தால் அது தவறு. கொடி நாளுக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில் நேரடியாகவே கட்டலாம். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு 80ஜி விலக்கும் உண்டு.

போரிலோ ராணுவ நடவடிக்கையிலோ உயிரிழந்த வீரர்களின் குடும்பத்துக்கென்று தனியாகக் கொடுக்க நினைத்தால் வேறு ஒரு நிதி இருக்கிறது. அது பிறந்த கதை நம் ஆட்களோடு சேர்ந்தது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவு. புதைந்த பத்துப் பேரும் 19-வது மெட்ராஸ் பட்டாலியனோடு இருந்தவர்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், அதில் ஒருவர் எங்கள் வேலூர் மாவட்டம். ஆறு நாள் கழித்து ஒருவரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள், அவரும் டெல்லி மருத்துவமனையில் பிப்ரவரி 11-ல் போய்விட்டார். அந்த வாரம் எங்கள் வீட்டில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. நாடு முழுக்க ஜனங்கள் "நாங்கள் பணம் கொடுக்க வேண்டும், எங்கே கொடுப்பது" என்று கேட்டதில்தான் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கணக்கைத் திறந்தது. அதுதான் பின்னால் போர்க்களத்தில் பாதிக்கப்பட்டோர் நல நிதி ஆனது. 2022 அக்டோபரில் அதற்கு 'மா பாரதி கே சபூத்' என்ற இணையதளம் வந்தது. வாட்ஸ்அப்பில் "தினம் ஒரு ரூபாய் போடுங்கள், ராணுவத்துக்கு ஆயுதம் வாங்கலாம்" என்று சிண்டிகேட் வங்கிக் கணக்கு எண்ணோடு ஒரு செய்தி சுற்றுகிறதே, அது இந்த நிதியின் கணக்கைத்தான் சொல்கிறது. ஆயுதம் வாங்க இல்லை, குடும்பங்களுக்கு. சிண்டிகேட் வங்கியும் 2020 ஏப்ரலில் கனராவோடு சேர்ந்துவிட்டது. அந்தச் செய்தியைப் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டாம், தளத்துக்கே போய்க் கட்டுங்கள்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளின் கணக்கு வேறு. அவர்கள் உள்துறையின் கீழ் வருகிறவர்கள், படைவீரர் நல அலுவலகம் அவர்களுக்குப் பொருந்தாது. 2019 புல்வாமாவில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். தூத்துக்குடி, அரியலூர் மாவட்டங்களில் இருந்தும் ஒவ்வொருவர் இருந்தார். இவர்களுக்கு 'பாரத் கே வீர்' தளம், 2017-ல் தொடங்கியது. இறந்த வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் குடும்பத்தின் கணக்குக்கே அனுப்பலாம். ஒரு குடும்பத்துக்கு 15 லட்சம் என்று உச்சவரம்பு இருப்பதால், செய்தியில் அதிகம் வந்த முகங்களுக்கே எல்லாம் போய்விடாது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

காவலர்கள் தங்களுக்குள் செய்துகொள்வது பலருக்குத் தெரியாது. ஒரே வருடத்தில் பணிக்குச் சேர்ந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க ஒரு குழுவாக இருப்பார்கள். பேட்ச்சில் ஒருவர் விபத்திலோ நோயிலோ போய்விட்டால் ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் போட்டு, பல லட்சம் சேர்த்து, காரியம் முடிந்த கையோடு வீட்டுக்குப் போய் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெயரில் பிரித்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. தீயணைப்புத் துறை அதைவிடச் சின்னது, பேசப்படுவதும் குறைவு. 2020 தீபாவளி நேரத்தில் மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் கட்டடம் இடிந்து இறந்தார்கள். நாம் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். 108 ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள் அரசு ஊழியர்கள் கூட இல்லை. இவர்களில் யாராவது உங்கள் ஊரில் பணியில் இறந்திருந்தால் நேராக அந்த நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். அந்தக் குடும்பத்துக்கு இப்போது என்ன தேவை, பள்ளிக் கட்டணமா, வீட்டு வாடகையா என்று கூட வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு இப்போது இருக்கிற கவலை அக்னிபாத் திட்டத்தில் பட்டாளத்துக்குப் போன பையன்களைப் பற்றியது. நான்கு வருடம் முடித்து, கையில் ஒரு தொகையோடு, பென்ஷன் இல்லாமல் பெரும்பாலானோர் வீடு திரும்பப் போகிறார்கள். அந்த ஆயா வீட்டுக்காரர் ஒன்பது வருடம் இருந்தார். எங்கள் தெருவிலேயே மூன்று பேர் போயிருக்கிறார்கள். அவர்கள் அம்மாக்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வருகிற ஒவ்வொரு தாளையும் ஜெராக்ஸ் எடுத்துத் தனியாக வையுங்கள், பெயரின் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

சரி, நீங்கள் கேட்டது யாரிடம் கொடுப்பது என்று. பணத்துக்கு மேலே சொன்ன மூன்று இடங்களும் நம்பிக்கையானவை. அதோடு வருடத்துக்கு நான்கு நாள் கொடுக்க முடிந்தால், உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், பென்ஷன் இல்லாத குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதித் தர ஆள் தேவையா என்று கேளுங்கள். அதுவும் கூச்சமாக இருந்தால் நவம்பரில் உங்கள் தெருவில் பென்ஷன் வாங்குகிற வயதானவர் யார் என்று பாருங்கள். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ரேகை விழாதவர்களுக்கு இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கமுடிகிறது. வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி திண்ணையில் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் போதும். எங்கள் ஆயாவுக்கும் அவர் தோழிக்கும் போன நவம்பரில் அப்படித்தான் எடுத்தேன், தோழிக்கு பென்ஷனுக்காக. ஆயா சும்மாதான் உட்கார்ந்தார், "எனக்கும் ஒரு தடவ புடி கண்ணு" என்று.