குளிர்லயும் ராத்திரி வேர்த்துக் கொட்டுது, இது சயரோகமா ட்ரெய்னிங்கா?

நானுஓயா பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். வயசு 27, எடை 58 கிலோ, நுவரெலியா டவுன்ல கடையில வேலை, கொழும்புல ஒரு மரதன் ஓடுறதுக்கு ட்ரெய்னிங் எடுக்கிறார். காலையில ஒரு ஓட்டம், கடை பூட்டுன பிறகு கிரகரி வாவியைச் சுத்தி வேகமா இன்னொரு ஓட்டம், ஞாயித்துக்கிழமை 30 கிலோமீட்டர். இப்ப மூணு கிழமையா நடுராத்திரியில பெனியன் பிழியிற மாதிரி நனைஞ்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சு எழும்புறாராம். காய்ச்சல் இருமல் இல்ல, எடை மட்டும் ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு. அம்மா இது சயரோகம், அதான் டிபின்னு பயப்படுறாங்க, கோச் ஓடுறவனுக்கு இதெல்லாம் சகஜம்ங்கிறார். யார் சொல்றதக் கேக்குறதுன்னு கேட்டிருக்கார்.

தம்பி, நீங்க இவ்வளவு எழுதியும் எனக்கு வேண்டிய ஒன்ன எழுதல. ஓடாத நாள் ராத்திரியும் வேர்க்குதா? ராத்திரி வேர்வைன்னு வர்ற ஓட்டக்காரங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது இதத்தான். கஷ்டமான ட்ரெய்னிங் அன்னைக்கு நனையுது, ரெஸ்ட் எடுத்த நாள் காய்ஞ்சு கிடக்குதுன்னா அது ட்ரெய்னிங்கோட சேர்ந்த வேர்வை. ஓடினாலும் ஓடாட்டியும் ஒரே மாதிரி நனைஞ்சா கோச் சொன்னத விட்டுட்டு அம்மா சொன்னதக் கேளுங்க. இன்னைக்கு ராத்திரில இருந்தே தலைமாட்டுல ஒரு கொப்பியும் தேர்மோமீட்டரும் இருக்கட்டும், எழும்புன உடனே காய்ச்சல் பார்த்து எழுதிட்டு அப்புறம் பெனியன மாத்துங்க. அதுக்கு முன்னாடி பனடோல் போட்டுறாதீங்க, போட்டா உள்ள காய்ச்சல் இருந்தாலும் தெரியாது.

உங்க கதையப் பார்த்தா எனக்கு முதல் சந்தேகம் அந்த அந்தி ஓட்டத்து மேலதான். மனுசன் தூங்கணும்னா உடம்போட உள்சூடு இறங்கணும், ராத்திரியில ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கி விடியறதுக்கு முன்னாடிதான் அடிமட்டத்துக்கு வரும், அந்தச் சூட்ட கை கால் தோல் வழியாவும் வேர்வையாவும்தான் உடம்பு வெளிய தள்ளுது. நீங்க எட்டரை மணி வரைக்கும் வேகமா ஓடிட்டு பத்து மணிக்குப் படுக்கிறீங்க. அடுப்ப அணைச்ச பிறகும் ரொட்டிக்கல்லு சுடுமே, அதே கதைதான், அதோட பழகுன ஓட்டக்காரன் உடம்பு மத்தவங்களவிட சீக்கிரமாவும் கூடவும் வேர்க்கும். இதுக்கு மேல நம்ம ஊர்ப் பழக்கம் இருக்கே, தை மாசி குளிருக்குப் பயந்து ஜன்னல அடைச்சு, ட்ரக் சூட் போட்டு, குல்லா போட்டு, ரெண்டு கம்பளியையும் இழுத்து மூடிக்கிறது! வெளிய 10 டிகிரி இருந்தாலும் கம்பளிக்குள்ள கொழும்புதான். முதல் மூணு ராத்திரி குல்லாவையும் ஒரு கம்பளியையும் எடுத்துட்டு பருத்தி உடுப்போட படுத்துப் பாருங்க, காசு செலவில்லாத டெஸ்ட்.

ஆனா கம்பளி மட்டும் காரணம்னா நெஞ்சு இவ்வளவு படபடங்காது. அங்கதான் உங்க சாப்பாடு வருது. எடை குறைஞ்சா வேகம் கூடும்னு ராத்திரிக்கு ரெண்டு ரொட்டியும் சம்பலும் மட்டும்னு எழுதியிருக்கீங்க, இதப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் கோபமே வந்துச்சு. தூக்கத்துல மூளைக்கு வேண்டிய சீனிய ஈரல் தன்னோட சேமிப்புல இருந்துதான் குடுக்கும், ரெண்டு நேரம் ஓடி அந்தச் சேமிப்பக் காலி பண்ணிட்டு அரைவயித்தோட படுத்தா நடுராத்திரில சீனி இறங்கப் பார்க்கும், சுகமான உடம்பு அத விடாது, அட்ரினலின் விட்டுத் தூக்கிப் பிடிக்கும், அந்த அட்ரினலின்தான் படபடப்பு, அதுதான் வேர்வை. உங்களுக்கு இதுதான் நடக்குதுன்னு இங்க இருந்து சத்தியம் பண்ண மாட்டேன், வாய்ப்பு நிறையவே இருக்கு. இவ்வளவு ஓடுற 58 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 350 கிராம் மாச்சத்தாவது வேணும், ரெண்டு கப் சோத்துலயே 90 கிராம்தான் வரும். அதனால ஓட்டம் முடிஞ்ச கையோட சோறு, பருப்பு, முட்டையோ மீனோ ஒழுங்கா சாப்பிடுங்க, படுக்கப்போகும்போது வாழைப்பழமும் ஒரு கப் பாலும். ஒன்பது மணி பிளேன்டியையும், சனிக்கிழமை கூட்டாளிமாரோட போடுறதையும் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுங்க, ரெண்டுமே தூக்கத்தக் கெடுக்கும், சாராயம் தனியாவே வேர்க்க வைக்கும்.

ஒரு கிழமைக்கு ஓட்டத்தப் பாதியாக் குறைங்க, அந்தி ஓட்டமே வேணாம். காலையில படுக்கைய விட்டு எழும்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் நாடி எண்ணி அதே கொப்பில எழுதுங்க. வழக்கத்தவிட 5, 10 கூடவே இருந்துச்சுன்னா உடம்புக்கு ட்ரெய்னிங் தாங்கலன்னு அர்த்தமா இருக்கலாம், இல்ல உள்ள ஏதோ நோயும் இருக்கலாம்.

அம்மா பயந்தத லேசா எடுத்துக்காதீங்க. தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில காத்தோட்டம் இல்லாம ஏழெட்டுப் பேர் படுக்கிற இடத்துல சயரோகம் லேசாப் பரவும், வெளியூர் டொக்டர்மாரவிட நம்ம அம்மாமாருக்கு அது நல்லாத் தெரியும். ரெண்டு கிழமைக்கு மேல இருமல், சளியில ரத்தம், அந்தி நேரத்துக் காய்ச்சல், வயிறார சாப்பிட்டும் எடை இறங்கிட்டே போறது, இதுல ஒன்னு வந்தாலும் நேரா அரசாங்க செஸ்ட் கிளினிக்குக்குப் போங்க, சளி டெஸ்டும் மருந்தும் இலவசம், சாதாரண டிபின்னா ஆறு மாச மருந்துல குணமாகும், வெக்கப்பட ஒன்னுமில்ல. கழுத்துலயோ கக்கத்துலயோ கட்டி தட்டுப்பட்டாலும், கை நடுங்கி எந்நேரமும் நெஞ்சு படபடன்னு அடிச்சாலும் டொக்டர்கிட்ட போங்க, பின்னதுக்குத் தைரொய்டு பார்க்கணும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தா அதையும் டொக்டர்கிட்ட சொல்லுங்க, அதுல சிலது வேர்க்க வைக்கும். சேத்துத் தண்ணில கால் வச்சு ஓடிட்டு, அதுக்கப்புறம் காய்ச்சலோட கெண்டைக்கால் வலிச்சா ஓடுன வலின்னு எண்ணெய் தேய்ச்சுட்டு உக்காராதீங்க, எலிக்காய்ச்சலாவும் இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி.

ஒரு கிழமை கழிச்சும் வேர்வை நிக்கலன்னா இருமல் இல்லாட்டியும் கொப்பியோட போய் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, அதோட எஃப்பிசி, ஈஎஸ்ஆர், தைரொய்டு, சுகர்ங்கிற ரத்த டெஸ்டும் பார்த்துருங்க.

நீங்க கேக்காத ஒன்னு. 1,868 மீட்டர் உயரத்துக் குளிர்ல பழகுன உடம்பு கொழும்புப் புழுக்கத்துல அதே வேகத்துல ஓடாது. வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் வேணும், அதுக்கு முன்கூட்டியே கொழும்பு போகக் கடையில லீவு கேக்குறதுன்னா இப்பவே கேட்டு வைங்க, லீவு கிடைக்கலன்னா மரதன் அன்னைக்கு நேரத்தப் பார்க்காம மெதுவா ஓடுங்க.