தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் டிஎஸ்எச் ஏன் இறங்கல?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 41, சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருக்கேன். எப்பப் பார்த்தாலும் அசதி, முடி கொட்டுது, எடை ஏறிடுச்சு, மாதவிடாய்ல ரத்தம் ரொம்பப் போகுதுன்னு நாலு மாசத்துக்கு முன்னாடி பாலிகிளினிக் போனேன். ரத்த டெஸ்ட்ல டிஎஸ்எச்ங்கற ஹார்மோன் 14 இருக்கு, அது ஏறினா தைராய்டு கம்மின்னு அர்த்தம்னு சொல்லி 50 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தாங்க, ரத்தமும் கம்மின்னு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தாங்க. காலைல 5.30க்கு எழுந்து பிள்ளைக்கு சாப்பாடு கட்டிட்டு, ரெண்டு மாத்திரையையும் பால் டீயோட முழுங்கிட்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓடிடுவேன். அப்புறம் பார்த்தப்ப டிஎஸ்எச் 11, டோஸை 75 ஆக்கினாங்க. ரெண்டே வாரத்துல நானா தனியார் கிளினிக்ல டெஸ்ட் எடுத்தேன், 10.6. மாத்திரையே வேணாம்னு விட்டுடலாமா? ஒரு ஹார்மோன் கெட்டா எல்லாம் கெடும்ங்கறாங்க, சுகரும் வந்துடுமா? தைராய்டுக்கு ஆகாதுன்னு மாமியார் முட்டைக்கோஸை வீட்டுக்குள்ளயே விடமாட்டேங்கறாங்க.

பதில்: சகோதரி, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. உங்க கடிதத்துல எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அந்தப் பால் டீதான், அடுத்தது அதோட சேர்ந்து போற இரும்புச்சத்து மாத்திரை.

காய்ச்சலுக்குப் போடற ஒரு பனடோல் மாத்திரையில 500 மில்லிகிராம் மருந்து இருக்கு. உங்க தைராய்டு மாத்திரையில முதல்ல இருந்தது 50 மைக்ரோகிராம், அதாவது பனடோல்ல இருக்கறதுல பத்தாயிரத்துல ஒரு பங்கு. ஹார்மோன்னா அப்படித்தான், துளியூண்டு ரத்தத்துல கலந்து போய் இதயம், குடல், தோல், கர்ப்பப்பை, மூளைன்னு எல்லா இடத்துக்கும் சேதி சொல்லும். அவ்வளவு சின்ன அளவுல கொஞ்சம் வயித்துலயே வீணாப் போனாலும் உடம்புக்கு அது பெரிய குறைச்சல். இரும்பு வயித்துல இந்த மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும், பால்ல இருக்கற கால்சியமும் அப்படித்தான், டீ காப்பியும் உறிஞ்சறதைக் குறைக்கும், நீங்க இது எல்லாத்தையும் ஒரே மடக்குல முழுங்கியிருக்கீங்க. மாத்திரை மேல குத்தமே இல்லம்மா, அது ரத்தத்துக்குப் போகவே வழியில்லாம இருந்திருக்கு.

இதுல எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கற விஷயம், இது சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிக்குது. தைராய்டு கம்மியானா மாதவிடாய்ல ரத்தம் அதிகமாப் போகலாம், அதனால இரும்புச்சத்து குறையும், அதுக்குன்னு இரும்பு மாத்திரை, அந்த மாத்திரையே தைராய்டு மருந்தைத் தடுக்கும், தைராய்டு கம்மியாவே இருக்கறதால ரத்தப்போக்கும் நிக்காது. கவுண்ட்டர்ல ரெண்டு பாக்கெட்டையும் ஒண்ணா கையில கொடுக்கும்போது நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கன்னு நிதானமா ரெண்டு தடவை சொல்லணும், கூட்டத்துல அது பல பேருக்குக் காதுல விழறதே இல்ல.

டிஎஸ்எச் ஏன் ஏறுதுன்னு புரிஞ்சுக்கோங்க. மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு, அதுதான் கழுத்துல இருக்கற தைராய்டை எழுப்பி வேலை வாங்கும். ஸ்கூலுக்குப் போற பையனை அம்மா எழுப்பற மாதிரி, அவன் எழுந்துட்டா மெதுவாக் கூப்பிட்டாப் போதும், எழுந்திரிக்கலேன்னா குரல் ஏறிக்கிட்டே போகும். அந்தக் குரல்தான் டிஎஸ்எச், பொதுவா 0.4ல இருந்து 4 வரைக்கும் இருக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். உங்களுக்கு 14னா அம்மா தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். பெரும்பாலும் காரணம் ஹாஷிமோட்டோ, நம்ம எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கறது. 1912ல ஜப்பான் டாக்டர் ஹகாரு ஹாஷிமோட்டோ நாலு பெண்கள்கிட்ட பார்த்து எழுதினதால அந்தப் பேர். உங்களுக்கும் அதுதானான்னு ஆன்டிபாடி டெஸ்ட்ல தெரியும்.

அப்புறம் அந்த ரெண்டு வார டெஸ்ட், அதை மறந்துடுங்க. இந்த மருந்து பாதியாக் குறையவே ரத்தத்துல ஒரு வாரம் ஆகும், அது ஒரு நிலைக்கு வந்து பிட்யூட்டரியும் அதுக்கேத்த மாதிரி குரலை இறக்க 6ல இருந்து 8 வாரம் வேணும். முடி கொட்டுதேன்னு பயோட்டின்ங்கற வைட்டமின் மாத்திரை ஏதாவது ஃபார்மசியில வாங்கி சாப்பிடறீங்களா? சாப்பிட்டா டெஸ்ட்டுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி ரெண்டு மூணு நாள் நிறுத்திடுங்க, சில லேப் மெஷின்ல அது ரிசல்ட்டையே மாத்திக் காட்டும்.

இனிமே இப்படிப் பண்ணுங்க. 5.30க்கு எழுந்ததும் முதல் வேலையா வெறும் வயித்துல வெறும் தண்ணியோட தைராய்டு மாத்திரை, அப்புறம் சாப்பாடு கட்டி முடிங்க, குறைஞ்சது அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சு டீ. வீட்டுல முடியலேன்னா டீயை ஆபீஸ் கீழ கோப்பிக்கடையில குடிச்சுக்கலாம். இரும்பு மாத்திரை மதியத்துக்கு அப்புறம்தான், கால்சியம் இருந்தா அதுவும் அப்பதான். சோயா பாலையும் காலைல மாத்திரை பக்கத்துல வேணாம். காலை நேரமே சரிப்படலேன்னா ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் படுக்கும்போது போடலாம், ஷிஃப்ட்ல வேலை பாக்கறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்றது.

ஒரு எச்சரிக்கை. இத்தனை நாள் பாதி மருந்து வீணாப் போனதுக்கும் சேர்த்துத்தான் 75 ஆயிருக்கு, இப்ப சரியா சாப்பிட ஆரம்பிச்சா அதுவே உங்களுக்கு அதிகமாகலாம். நெஞ்சு படபடன்னு அடிக்கறது, கை நடுக்கம், தூக்கம் வராம இருக்கறது இப்படி இருந்தா காத்திருக்காம போய் காட்டுங்க. டோஸை நீங்களா கூட்டவும் வேணாம் குறைக்கவும் வேணாம், அதிகமா ரொம்ப நாள் போனா இதயத் துடிப்பும் கெடும், எலும்பும் தேயும். பாலிகிளினிக் போறப்ப வீட்டுல இருக்கற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, சித்த மருந்து இருந்தாலும் சரி. ரத்தப்போக்குக்குக் காரணம் தைராய்டு மட்டும்தான்னும் நினைச்சுடாதீங்க, இந்த வயசுல கர்ப்பப்பையில கட்டி இருக்கான்னு ஸ்கேன் எடுக்கலாமான்னு கேளுங்க.

சுகர் கேட்டீங்க. ஒரு சுரப்பி கெட்டா எல்லாம் வரிசையாக் கெடும்ங்கறது சரியில்ல. ஹாஷிமோட்டோ இருக்கறவங்களுக்கு எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கி வர்ற டைப் 1 சுகர் மாதிரி சில நோய் வர வாய்ப்பு கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனா டைப் 2 சுகர் சிங்கப்பூர்ல நம்ம இந்தியர்கள்கிட்ட நிறைய, 2016ல சுகாதார அமைச்சு நீரிழிவு மேல போரே அறிவிச்சது, அதனால 40 தாண்டின உங்களுக்கு தைராய்டு இல்லேன்னாலும் நான் சுகர் டெஸ்ட் எடுக்கத்தான் சொல்லுவேன். எடை விஷயத்துல உண்மையைச் சொல்லிடறேன், தைராய்டால ஏறறது பெரும்பாலும் சில கிலோதான், அதுலயும் நிறைய உப்பும் தண்ணியும், மிச்சத்துக்கு நடக்கத்தான் வேணும், ஆனா டிஎஸ்எச் இறங்கின பிறகு நடக்கறதுக்குத் தெம்பு இருக்கும்.

மாமியார்கிட்ட சொல்லுங்க, நல்லா வேக வச்ச முட்டைக்கோஸ் பொரியலோ கூட்டோ தாராளமா சாப்பிடலாம், பச்சையா தினமும் ஜூஸ் போட்டுக் குடிச்சாத்தான் யோசிக்கணும்.